தணிக்கை அலுவலகங்களின் வேலை நேரம் குறித்து, பட்டயக் கணக்காளர் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தலைவரும் மத்தியக் கவுன்சில் உறுப்பினர்களும்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கோயம்புத்தூரில் நடுத்தர அளவிலான தணிக்கை நிறுவனம் ஒன்றில் மாதச் சம்பளத்துக்குப் பணிபுரியும் பட்டயக் கணக்காளர்களுள் நானும் ஒருத்தி. உங்கள் பதிவேடு எங்களைப் ‘பெய்டு அசிஸ்டென்ட்’ என்று குறிக்கிறது. நாங்கள் தணிக்கை நிறுவனத்தை நடத்தும் பங்குதாரர்கள் அல்லர்; ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் அலுவலகப் பயிற்சி பெறும் மாணவர்களும் அல்லர். பங்குதாரர்களின் குறைகள் கருத்தரங்க மேடைகளில் பேசப்படுகின்றன. மாணவர்களுக்குப் பயிற்சி ஒழுங்குமுறைகள் உள்ளன. அவை எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகின்றன என்பது வேறு விஷயம். இவ்விரு தரப்புக்கும் இடையில் அமர்ந்து, பங்குதாரர் கையொப்பமிடும் அறிக்கையின் பெரும்பகுதியைத் தயாரிக்கும் எங்களுக்கும் கழகத் தேர்தலில் வாக்கு உண்டு. ஆனால் எங்கள் வேலை நேரம் பற்றிப் பேசும் விதி ஒன்றை என்னால் எடுத்துக்காட்ட முடியவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். ஓர் அறிக்கையின் தரத்தை ஆராயும் கழகம், அதை எத்தனை பேர், எத்தனை மணி நேரம் உழைத்துத் தயாரித்தார்கள் என்பதையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான வழி கழகத்தின் கையிலேயே இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

செப்டம்பர் வந்தால் ஆடிட்டர் அலுவலகத்தில் விளக்கு அணையாது என்று வெளியில் உள்ளவர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான், ஏனென்றால் மற்ற மாதங்களிலும் அது அணைவதில்லை. மார்ச் 31 அன்று ஆலைகளின் கிடங்குகளில் சரக்கிருப்புச் சரிபார்ப்பு. அது முடிந்த கையோடு ஏப்ரலில் பொதுத்துறை வங்கிக் கிளைகளின் தணிக்கை. எந்த ஊர்க் கிளை ஒதுக்கப்படுகிறதோ அங்கே சென்று தங்கி, கடன் கோப்புகளைப் புரட்டி, வாராக்கடன் வகைப்பாட்டைச் சரிபார்த்து, எல்.எஃப்.ஏ.ஆர். என்னும் நெடிய அறிக்கையையும் ஏராளமான சான்றிதழ்களையும் சில நாட்களுக்குள் முடித்துத் தர வேண்டும். இவற்றுக்கு நடுவே 7ஆம் தேதி பிடித்தம் செய்த வரியான டி.டி.எஸ். செலுத்துவது, 11ஆம் தேதி விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. மாதக் கணக்கான 3பி என்று மாதந்தோறும் வரும் வேலைகள் ஓய்வதில்லை. நிறுவனத் தணிக்கைகள் ஜூனில் சூடுபிடிக்கின்றன. செப்டம்பர் 30 ஒரே நாளில் வருமான வரிச் சட்டத்தின் 44ஏபி பிரிவின் வரித் தணிக்கை அறிக்கைக்கும் நிறுவனங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் கெடு முடிகிறது. அதன் பிறகு நிறுவனங்களின் நிதிநிலை, ஆண்டு விவரங்களுக்கான ஏ.ஓ.சி.-4, எம்.ஜி.டி.-7 தாக்கல்கள், முந்தைய ஆண்டில் வாங்கியவற்றுக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.யான உள்ளீட்டு வரியைக் கோருவதற்கு நவம்பர் 30, ஜி.எஸ்.டி. ஆண்டு அறிக்கைக்கு டிசம்பர் 31. ஆண்டு முடிந்ததென்று மூச்சுவிடும் நேரத்தில் அடுத்த சரக்கிருப்புச் சரிபார்ப்புக்கு ஆள் பிரிக்கும் பட்டியல் மேசைக்கு வந்துவிடுகிறது.

இத்தொழிலுக்கு விரும்பி வந்தவர்கள் நாங்கள். தேதிகள் இருப்பதைக் குறை சொல்லவில்லை. தேதி மாறாமல் இருக்க, அத்தேதிக்குள் செய்ய வேண்டிய வேலை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெருகுவதுதான் சிக்கல். வரித் தணிக்கை விவரங்களைத் தரும் 3சிடி படிவத்தின் 44ஆம் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் மொத்தச் செலவையும் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்களிடம் செய்தது, பெறாதவர்களிடம் செய்தது என்று பிரித்துக் காட்டச் சொல்லும் இப்பத்தி 2018இல் சேர்க்கப்பட்டு, 2022 மார்ச் 31 வரை நிறுத்தி வைக்கப்பட்டு, பின் நடைமுறைக்கு வந்தது. பொதுவாகக் கணக்கு மென்பொருளில் செலவுகள் அப்படிப் பிரித்துப் பதியப்படுவதில்லை. ஆகவே ஒரு பயிற்சி மாணவர் எக்செல் தாளைத் திறந்துவைத்துக்கொண்டு டீச்செலவிலிருந்து லாரி வாடகை வரை வரிவரியாகப் பிரிக்கிறார். அதை நான் சரிபார்க்கிறேன். அந்த எண்களை வைத்து வரித்துறை ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு இன்னும் பெரிய வேலை. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் தராவிட்டால், கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும் என்பது 2023–24 நிதியாண்டு முதல் சட்டம். நோக்கம் நல்லது, எங்கள் ஊரின் வார்ப்படப் பட்டறைக்காரர்களும் லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்களும் அதனால் பயன்பெற்றார்கள் என்றால் மகிழ்ச்சியே. ஆனால் ஒரு பம்பு உற்பத்தியாளரின் கணக்கில் அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் உத்யம் என்னும் சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் கேட்டு, அவர் குறு நிறுவனமா நடுத்தரமா, உற்பத்தியாளரா வெறும் வணிகரா என்று பிரித்து, ஒவ்வொரு பில்லுக்கும் பணம் போன நாளை எண்ணியாக வேண்டும். இதோடு கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் திருத்தத் தடம் ஆண்டு முழுவதும் இயங்கியதா என்று தணிக்கையாளர் சான்றுரைக்க வேண்டிய, நிறுவனத் தணிக்கை விதிகளின் 11(ஜி) விதியும் சேர்ந்துகொண்டது. போதாக்குறைக்கு 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்டிருப்பதால், மனப்பாடமாக இருந்த பிரிவு எண்கள் அனைத்தையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. படிப்பதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. படிப்பதற்கான மணி நேரம் எந்த வேலையிலிருந்து கழிக்கப்படும் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

இந்த நெருக்கடிக்குக் கழகமும் மண்டலக் கவுன்சிலும் வரித் தொழில் சங்கங்களும் ஆண்டுதோறும் தேடும் மருந்து கால நீட்டிப்பு. அதனால் சம்பளத்துக்கு உழைப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு 2025 ஒன்றே போதும். தணிக்கைக்கு உட்படாதவர்களின் வருமான வரிக் கணக்குக்கான தேதி ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15 என்று மே மாதமே அறிவிக்கப்பட்டது. படிவ மாற்றங்களும் மென்பொருள் ஆயத்தமும் காரணமாகச் சொல்லப்பட்டன. விளைவாக, ஜூலையில் முடிந்திருக்க வேண்டிய தனிநபர் கணக்குகள் முழுவதும் வரித் தணிக்கையின் தலைமேல் வந்து விழுந்தன. செப்டம்பர் 15 இரவு, நள்ளிரவை நெருங்கும் வேளையில், மேலும் ஒரே ஒரு நாள் நீட்டிப்பு வந்தது. அதே அறிவிப்பில் நள்ளிரவு 12 மணியிலிருந்து 2.30 வரை இணையதளம் பராமரிப்பில் இருக்கும் என்றும் எழுதியிருந்தது. செப்டம்பர் 24 அன்று ராஜஸ்தான், கர்நாடக உயர் நீதிமன்றங்கள் தணிக்கை அறிக்கைக்கான தேதியைத் தள்ளிவைக்க உத்தரவிட, மறுநாள் மத்திய நேரடி வரிகள் வாரியம் அதை அக்டோபர் 31 என்று மாற்றியது. அக்டோபர் 29 அன்று அது நவம்பர் 10 ஆனது. கணக்குத் தாக்கல் டிசம்பர் 10க்குப் போனது.

ஒவ்வோர் அறிவிப்பு வந்தபோதும் சமூக ஊடகங்களில் நன்றி அறிவிப்புகள் பெருகின. அலுவலகத்தில் நடந்தது வேறு. நாலு மாதமாகக் கெஞ்சி, ஒருவழியாகப் பேங்க் ஸ்டேட்மெண்டும் பில்களும் அனுப்பத் தொடங்கியிருந்த வாடிக்கையாளர்கள் அன்று மாலையே நிறுத்திவிட்டார்கள். “அதான் தேதி தள்ளிப்போட்டுட்டாங்களாமே, அப்புறம் பாத்துக்கலாங்க மேடம்” என்பதுதான் தொலைபேசியில் கேட்ட பதில். அடுத்த வாரம் ஆயுத பூஜை. அது முடிந்ததும் ஆலைகளின் கணக்குப் பிரிவினர் தீபாவளி போனஸ் கணக்கில் மூழ்கிவிட்டார்கள். பண்டிகை முடிந்து அவர்கள் திரும்பியபோது கெடுவுக்கு ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான நாட்கள்தான் எஞ்சியிருந்தன. செப்டம்பர் இறுதியில் ஒருமுறை இருக்க வேண்டிய கடைசி வாரம், அக்டோபர் இறுதியில் ஒன்று, நவம்பரில் ஒன்று என்று மூன்றாகப் பெருகியது. கடைசி நேர நீட்டிப்பால் பயனடைவது தாமதமாகக் காகிதம் தருபவரே; தயாராக இருந்தவருக்கும் அவருக்காக உட்கார்ந்திருந்தவருக்கும் அதில் ஒரு மணி நேர ஓய்வும் கிடைப்பதில்லை. ஆகவே மனு கொடுப்பதென்றால் இன்னொரு நீட்டிப்பைக் கேட்காதீர்கள். படிவமும் அதைத் தாக்கல் செய்யும் மென்பொருளான யூட்டிலிட்டியும் வெளியான நாளிலிருந்து இத்தனை நாள் என்று கெடுவைச் சட்டத்திலேயே இடைவெளியாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். தாமதம் அரசுடையதானால் தேதி தானே நகரட்டும். வாடிக்கையாளருடையதானால் நகராமல் இருக்கட்டும்.

இனி வேலை நேரத்துக்கு வருகிறேன். ஆர்ட்டிகிள் மாணவருக்கு வாரம் 35 மணி நேரம் என்று கழகம் வகுத்திருக்கிறது. பயிற்சிக்கான அலுவலக நேரம் பொதுவாகக் காலை 9 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் இருக்கலாகாது என்றும் சொல்லியிருக்கிறது. செப்டம்பரில் இரவு 10 மணிக்கு எந்த ஊரிலாவது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் படிக்கட்டில் ஏறிப் பார்த்தால் அவ்விதியின் நிலை தெரிந்துவிடும். பெண் பயிற்சியாளர்களின் தந்தைமார் கீழே வண்டியில் காத்திருப்பார்கள். தந்தை உடனில்லாமல் விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு, கதவடைக்கும் நேரம் தாண்டியதற்கு வார்டனிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஓர் உறுப்பினர் ஓராண்டில் 60 வரித் தணிக்கைகளுக்கு மேல் ஏற்கக் கூடாது என்ற வரம்பை நான் மதிக்கிறேன். ஒரு மனிதரால் பொறுப்போடு பார்க்கக்கூடிய கோப்புகளுக்கு ஓர் எல்லை உண்டு என்று கழகம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. ஆனால் அந்த வரம்பு கையொப்பமிடுபவருக்கு மட்டுமே. நான்கு பங்குதாரர்கள் உள்ள நிறுவனம் 240 அறிக்கைகள் தரலாம். அவற்றைத் தயாரிப்பவர்கள் இருவரா இருபதின்மரா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. இத்தனைக்கும் நாங்கள் கணக்கில் வராதவர்கள் அல்லர். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பட்டியலில் இடம்பெறவும், வங்கித் தணிக்கைக்குத் தகுதி பெறவும், ஒரு நிறுவனத்தில் எத்தனை பட்டயக் கணக்காளர்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள் என்பது மதிப்பிடப்படுகிறது. வேலையைப் பெறுவதற்காக எங்களை எண்ணுகிறார்கள். பெற்ற வேலையைப் பகிர்ந்து தரும்போது அந்த எண்ணிக்கை மறந்துபோகிறது.

இதைத் தொழிலாளர் நலம் சார்ந்த புகாராக மட்டும் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தணிக்கைத் தரநிலைகளை எழுதியவர்கள் நீங்கள். ஆவணப்படுத்தல் பற்றிய எஸ்.ஏ. 230 தரநிலையின்படி வேலை நடக்கும்போதே ஆவணப்படுத்த வேண்டும். அறிக்கை தேதியிலிருந்து பொதுவாக 60 நாட்களுக்குள் கோப்பைத் தொகுத்து மூட வேண்டும். அந்த 60 நாள் தொகுப்பதற்கு மட்டுமே தரப்பட்டது, புதிதாகத் தணிக்கை செய்வதற்கு அன்று. நள்ளிரவில் ஏழாவது கோப்பை மூடும் ஒருவர் மாதிரிக்கு எடுத்த வவுச்சரை உண்மையிலேயே திறந்து பார்த்தாரா, அல்லது ‘சரிபார்க்கப்பட்டது’ என்று டிக் மட்டும் இட்டாரா என்பதைக் கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. நேரத்தைப் பார்த்தால் சொல்லலாம். 2018 அக்டோபரில் அமைக்கப்பட்ட தேசிய நிதி அறிக்கை ஆணையம் தணிக்கையாளர்கள்மீது பிறப்பிக்கும் உத்தரவுகளில் போதிய ஆவணமின்மை திரும்பத் திரும்ப வருகிறது. அபராதமும் தடையும் பங்குதாரருக்கும் நிறுவனத்துக்கும் போகின்றன, அது சரியே. அந்த ஆவணம் ஏன் உருவாகவில்லை, அதற்கென ஒதுக்கப்பட்ட மணி நேரம் எவ்வளவு என்ற கேள்விதான் விசாரணையின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய கல்வித் திட்டம் ஆர்ட்டிகிள்ஷிப்பை மூன்றாண்டிலிருந்து இரண்டாக்கியது. மாணவர்களின் பக்கம் நின்று பார்த்தால் அது நல்ல முடிவு. இறுதித் தேர்வுக்கு முன் ஆறு மாதம் படிக்கக் கிடைப்பது எங்கள் தலைமுறைக்கு வாய்க்காத வரம். ஆனால் முதல் ஆண்டில் வேலை கற்று, இரண்டாம் ஆண்டில் ஒரு தணிக்கையைத் தனியே நடத்தும் பக்குவம் வரும்போதே அவர் விடைபெற்றுவிடுகிறார். முன்பு மூன்றாம் ஆண்டு மாணவர் செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும் எங்களைத்தான் காட்டுவார்கள். உதவித்தொகையைக் கழகம் இரட்டிப்பாக்கியதையும் மறுக்கவில்லை. இரட்டிப்பான பிறகும் குறைந்தபட்சத் தொகை விடுதிச் செலவுக்குக் காணாது என்பதும், பல அலுவலகங்கள் அந்தக் குறைந்தபட்சத்தையே அதிகபட்சமாக வைத்திருப்பதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. இறுதித் தேர்வில் ஒரு குரூப் (தாள்களின் தொகுதி) மீதமிருக்க அலுவலகத்திலேயே சம்பளத்துக்குத் தங்கிவிட்டவர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. 2025 முதல் இறுதித் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. அவற்றுள் ஒன்று செப்டம்பரில் வருகிறது. அந்த மாதத்தில் விடுப்புக் கேட்கும் துணிவு எங்கள் அலுவலகங்களில் எத்தனை பேருக்கு உண்டு?

பங்குதாரர்களை வில்லன்களாகக் காட்டுவது என் எண்ணம் அன்று. அவர்களுள் பலர் எங்களோடு அதே இரவில் அதே மேசையில் இருப்பவர்கள். வாடிக்கையாளர் தரும் கட்டணத்தில் கூடுதலாக ஓர் ஆளை வைக்க முடியவில்லை என்று அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. கழகம் வெளியிடும் குறைந்தபட்சக் கட்டண அட்டவணை பரிந்துரை மட்டுமே. பக்கத்துத் தெருவில் பாதிக் கட்டணத்துக்குக் கையொப்பம் கிடைக்கும் என்று வாடிக்கையாளர் சொல்லும்போது அந்த அட்டவணையைக் காட்டி எவரும் பேரம் பேச முடியாது. பாதிக் கட்டணத்தில் ஒரு தணிக்கை எப்படிச் சாத்தியமாகிறது என்ற கேள்விக்கு விடை எளிது: பாதி மணி நேரத்தில் செய்யப்படுகிறது, அல்லது மீதிப் பாதியைச் சம்பளம் பெறாமல் யாரோ செய்கிறார்கள். மணி நேரம் பதிவாகத் தொடங்கினால் இவ்விரண்டில் எது என்பது வெளியில் தெரியவரும். முறையாக ஆள் வைத்து வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

2024 செப்டம்பரில், புனேயில் பணியில் சேர்ந்த சில மாதங்களிலேயே இறந்துபோன இளம் பட்டயக் கணக்காளர் ஒருவரின் தாய் நிறுவனத் தலைமைக்கு எழுதிய கடிதம் நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த மரணத்தின் காரணத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. ஆனால் அக்கடிதத்தைப் படித்த என் வயதுக்காரர்கள் எவரும் அதில் சொல்லப்பட்ட வேலை நேரத்தைக் கண்டு வியக்கவில்லை. அதன் பிறகு மன அழுத்தம் குறித்து உரைகளும் யோகா வகுப்புகளும் எங்கள் அழைப்பிதழ்களில் கூடின. அவற்றுக்குப் போக வேண்டுமானால் அலுவலகத்திலிருந்து 6 மணிக்குக் கிளம்ப வேண்டும்.

கழகத்தின் கையில் இருக்கும் வழிகளை இப்போது சொல்கிறேன். 2019 முதல் நாங்கள் தரும் ஒவ்வொரு சான்றுக்கும் அறிக்கைக்கும் யூ.டி.ஐ.என். என்னும் தனி அடையாள எண்ணைக் கழகத்தின் தளத்தில் பெறுகிறோம். அதைப் பெறும்போது அறிக்கையின் முக்கிய எண்களைத் தளத்தில் உள்ளிடுகிறோம். தணிக்கை அறிக்கைகளுக்கு மட்டுமாவது அங்கே இரண்டு கட்டங்களைச் சேர்க்கலாம்: இப்பணியில் ஈடுபட்டோர் எத்தனை பேர், செலவான மணி நேரம் எவ்வளவு. யாரும் பொய் எழுதலாம்தான். ஆனால் கையொப்பமிடுபவர் தம் உறுப்பினர் எண்ணுக்குக் கீழே எழுதும் பொய் அது. ஓராண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால், இருபத்துநான்கு மணி நேர நாளுக்குள் அடங்காத கணக்குகள் தாமே வெளிப்படும். கூட்டிப் பார்ப்பது நமக்குத் தெரிந்த வேலைதான்.

பெரிய நிறுவனங்களின் தணிக்கையாளர்களுக்கான ஏ.க்யூ.எம்.எம். என்னும் தணிக்கைத் தர முதிர்ச்சி மதிப்பீட்டில் மனிதவளத்துக்கென ஒரு பகுதி இருக்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களையும் வங்கிகளையும் தணிக்கை செய்வோரோடு அது நின்றுவிடாமல், எங்களைப் போன்ற நடுத்தர அலுவலகங்களுக்கு ஏற்ற எளிய வடிவில் வர வேண்டும். ஓர் அலுவலகத்தின் வேலையை வேறொரு பட்டயக் கணக்காளர் ஆராயும் சக மதிப்பாய்வுக்கு வருபவர் கோப்புகளைக் கேட்பதுபோல நேரப் பதிவேட்டையும் கேட்க வேண்டும். அப்படி ஒரு பதிவேடு பல அலுவலகங்களில் இல்லை. இருக்கும் இடங்களில் வாடிக்கையாளரிடம் கட்டணம் கேட்பதற்கு ஏற்ற எண்ணே அதில் இருக்கும், உண்மையில் உட்கார்ந்த நேரம் இருக்காது. எனவே மதிப்பாய்வாளர் ஒரு பெய்டு அசிஸ்டென்டையும் ஓர் ஆர்ட்டிகிள் மாணவரையும் தாமே தேர்ந்து, பங்குதாரர் உடனில்லாத அறையில் அரை மணி நேரம் பேச வேண்டும். அவர்கள் சொன்னது பெயரின்றி அறிக்கையில் இடம்பெற வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மதிப்பாய்வு வாரியத்தின் வினாப்பட்டியலில் ஒரு பக்கம் கூடினால் போதும்.

இக்கோரிக்கை மத்தியக் கவுன்சிலின் கூட்டப் பொருளில் சேர்க்கப்பட வேண்டும் என்றும், ஏற்கப்படாவிட்டால் அதற்கான காரணம் கழகத்தின் மாத இதழில் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உறுப்பினர் எண்ணையும் அலுவலகத்தின் பெயரையும் இங்கே தரவில்லை; கவுன்சில் கேட்டால் தனியே தருவேன்.

இங்ஙனம்,
சம்பளத்துக்குப் பணிபுரியும் பட்டயக் கணக்காளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.